இருவருக்கும் ஒரே கட்டுரை

ஹாக்கி ஆட்டங்களைப் பற்றி அருணகிரி எழுதும் கட்டுரையை, படிப்பவரின் அணிக்கு ஏற்றபடி மாற்றித்தான் விளையாட்டுச் சேனல் அவரவர் போனுக்கு அனுப்பும். கோவில்பட்டி ரசிகரான சுப்புராஜுக்கு ஒரு விதம், அரியலூர் ரசிகையான அவர் மனைவி மங்கைக்கு வேறு விதம். இரண்டிலும் அவரவர் அணி பாவம், நடுவர்தான் மோசம். அதனால் ஆட்டம் முடிந்தபின் அந்த வீட்டில் பேச ஒன்றும் இருக்காது. மங்கைக்கு அது பெருங்குறை.

போன மாதம் அருணகிரி சேனலை விட்டு விலகினார்.

"இனி ஹாக்கி பார்த்து என்ன பிரயோசனம்?" என்று சுப்புராஜ் சோர்ந்துபோனார்.

இன்று காலை, கோவில்பட்டியும் அரியலூரும் நேற்று மோதிய ஆட்டத்தைப் பற்றி அருணகிரி தானே அனுப்பிய முதல் கட்டுரை இருவர் போனுக்கும் வந்தது.

"உங்க கோல்கீப்பர் நின்னுக்கிட்டே தூங்கினாராமே," என்றாள் மங்கை.

"எனக்கும் அப்படித்தான் போட்டிருக்கு," என்று சுப்புராஜ் திகைத்தார். "உங்க கேப்டன் பந்தையே தொடலன்னு உனக்கும் இருக்கா?"

இருந்தது.

"அவரு காய்ச்சலோட ஆடினாருங்க."

"காய்ச்சல்னா வீட்ல படுக்க வேண்டியதுதான?"

"தூக்கம் வந்தா மட்டும் கோல் போஸ்ட்டுக்கு வரலாமாக்கும்?"

சுப்புராஜுக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்தது. மங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க. அந்த மூணாவது கோல் யாரு தப்பு?"