ரோலண்ட் சரிபண்ணின பாய்லர்

"அரசாங்கத்துக்கிட்ட கையேந்தறதா? என் வீட்டுப் பிள்ளை பொறக்கறதுக்கா?"

ரோலண்ட் முள்கரண்டியைத் தட்டில் போட்ட சத்தத்தில் மேஜையே ஒரு தரம் குலுங்கியது.

மகன் டெரிக் தலையைக் குனிந்துகொண்டான். டயர் தொழிற்சாலையில் அவன் சீட்டு கிழிந்து ஒரு மாதம் ஆகிறது. வேலையோடு இன்சூரன்ஸும் போயிற்று. மனைவி ஹேலிக்கு ஆறாவது மாதம். ரத்த அழுத்தம் வேறு. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மாமா, கம்பெனி இன்சூரன்ஸையே கைக்காசு போட்டுத் தொடரலாம்னா, அது வீட்டு வாடகையை விட ஜாஸ்தி" என்றாள் ஹேலி. "அரசாங்கத்தோட மெடிக்கெய்டுன்னா எங்க நிலைமைக்கு எல்லாமே இலவசம். வருமானம் இல்லாத கர்ப்பிணிகளுக்குக் குடுக்கறதுதானே?"

"அதுக்குப் பேரு பிச்சை."

"எனக்குப் பயமா இருக்கு மாமா. போன செக்கப்புக்கே போகல."

"எதுக்குப் பயம்? நம்ம சர்ச் சபைக்காரங்க சங்கம் இருக்கு. ஒருத்தர் ஆஸ்பத்திரி பில்லை மத்தவங்க பங்கு போட்டுக் கட்டிடுவாங்க. அதுல சேருங்க."

"கேட்டுப் பாத்துட்டேன். சேர்றதுக்கு முன்னாடியே உண்டான பிள்ளைக்குத் தர மாட்டாங்களாம்."

ரோலண்ட் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப உண்டாயிருக்கேன்னு சொல்லாதே."

"இந்த வயித்தை எங்க மாமா ஒளிச்சு வைக்கறது?"

டெரிக்குக்குச் சோளம் புரையேறியது.

சபைக்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவலாம், தப்பில்லை. அரசாங்கத்திடம் வாங்கினால்தான் மானம் போய்விடும். அப்பேர்ப்பட்ட ரோஷக்காரர்!

அடுத்து என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். பாய்லர் கதை. அது இல்லாமல் அந்த வீட்டில் வருஷா வருஷம் நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்தே நடந்ததில்லை.

"இதோ, இவன் பொறந்தப்போ எனக்கும்தான் வேலை இல்ல. குறைமாசக் குழந்தை. முழுசா ஒரு மாசம் கண்ணாடிப் பெட்டியில கிடந்தான். நான் எவன் வாசல்லயாவது போய் நின்னேனா? ஜனவரிக் குளிர்ல ஆஸ்பத்திரி பாய்லர் நின்னுபோச்சு. ஸ்பேனரை எடுத்துக்கிட்டு இறங்கினேன். கடைசியில பில் கட்டப் போனா, கவுண்டர்ல அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?"

"'நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம் சார்'" என்று ஒப்பித்தான் டெரிக்.

"அது! ஆம்பளைன்னா அப்படிக் கட்டணும்."

இத்தனைக்கும் மாமியார் லோர்னா வாயைத் திறக்கவில்லை. கிரேவிக் கிண்ணத்தைப் புருஷன் பக்கம் நகர்த்தி வைத்ததோடு சரி. ஹேலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை பெற்றவள்தானே இவளும்? மருமகளுக்காக ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

திங்கட்கிழமை காலை லோர்னா கார் சாவியை எடுத்தாள்.

"ஏங்க, நானும் ஹேலியும் தொட்டில் பாத்துட்டு வரோம்."

கார் தொட்டில் கடைக்குப் போகவில்லை. மெடிக்கெய்டுக்கு எழுதிக்கொடுக்கும் மாவட்ட நல உதவி அலுவலகத்துக்குப் போயிற்று. லோர்னா யாரிடமும் வழி கேட்கவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கம் நிறுத்தினாள்.

"இங்க நிறுத்தினா ரோட்ல போறவங்க கண்ணுல படாது. இறங்கு."

"அத்தை... மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"அவரை நான் பாத்துக்கறேன். நீ உன் வயித்தைப் பாத்துக்க."

ஹேலிக்கு அழுகை வந்துவிட்டது. விருந்தன்று மனசுக்குள் திட்டியதற்கும் சேர்த்து அழுதாள். டெரிக்கிடம் சொன்னபோது அவன் பெருமூச்சு விட்டான். "அப்பா கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன்தான். தாயும் பிள்ளையும் சௌக்கியம்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் லோர்னா புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இந்தத் தொட்டில் சக்கரம் கிறீச் கிறீச்சுங்குது. நர்ஸுங்க எல்லாம் அவஸ்தைப்படறாங்க. நீங்கதான் பாக்கணும்."

ரோலண்ட் மண்டி போட்டு உட்கார்ந்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சக்கரத்தை நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு நேராகப் பில் கவுண்டருக்கு நடந்தார். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள்.

"எவ்வளவு ஆச்சு? சும்மா சொல்லும்மா. கட்டற குடும்பம்தான்."

கவுண்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம் சார்."

ரோலண்ட் விழித்தார். "எப்படி?"

லோர்னா அவர் காதருகே போனாள். "காலையில அந்தச் சக்கரம்..."

அவ்வளவுதான். ரோலண்டின் நெஞ்சு ஓரடி முன்னால் வந்தது.

"பாத்தியாடா டெரிக்? கையில தொழில் இருந்தா ஒருத்தன்கிட்ட கையேந்த வேண்டாம்! வா, காரை எடு!"

அப்பாவும் பிள்ளையும் முன்னால் போனார்கள். ஹேலி குழந்தையை அணைத்தபடி மாமியாரையே பார்த்தாள். பின்பக்கம் நிறுத்தின கார் ஞாபகம் வந்தது.

"அத்தை, அப்ப... இவர் பொறந்தப்பவும்?"

"அதே ஆபீஸ்தான். அன்னிக்கும் பின்பக்கம்தான் நிறுத்தினேன்."

"அப்ப அந்தப் பாய்லர்?"

"உங்க மாமா கை வச்ச மறுநாளே வெடிச்சுது" என்றாள் லோர்னா. "அதுக்கு அவங்க நமக்குப் பில் போடாம விட்டதே பெரிசு."