நாற்பது சென்டிமீட்டர்

இரண்டு வருடமாக லாரி லாரியாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில், பழவேற்காட்டில் தஹ்சீன் குடியிருந்த தெரு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டன. வாசல் கதவைச் சாத்த முடியவில்லை. மட்டம் பார்க்கும் உதயகுமார் மாதாமாதம் வந்து, வாசற்படியில் அடித்திருந்த பித்தளை ஆணியின் உயரத்தை அளந்து போவார். இதுவரை பன்னிரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இன்னும் ஒன்று இறங்கினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

ஆழ்துளைக் கிணறுகளை மூடினார்கள். ஐப்பசி மழையும் நன்றாகப் பெய்தது. அதன்பிறகு உதயகுமார் வந்தபோது, தஹ்சீன் பீரோத் துணிகளை மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

"இன்னா தம்பி, எறங்கிடுச்சா?"

அவர் கருவியைத் தெருமுனைக்குத் தூக்கிப் போய் வைத்து இன்னொரு முறை பார்த்தார்.

"ஏறியிருக்குக்கா. தண்ணி ஊறுனா தரை கொஞ்சம் ஏறும். மத்த வீடெல்லாம் ஒரு சென்டி ஏறியிருக்கு. உங்க வீடு மட்டும் நாப்பது."

"அப்போ காலி பண்ணணுமா?"

"எறங்குனாதான் காலி பண்ணணும்னு ஆர்டர். ஏறுனா இன்னா பண்றதுன்னு அதுல இல்லக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் தஹ்சீன்.

உள்ளே போய்ப் பார்த்தாள். சுவரில் விரிசல் இருந்த தடம்கூட இல்லை. கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. மூட்டையைப் பிரித்துத் துணிகளைப் பீரோவில் அடுக்கினாள். சாயங்காலம் டீயோடு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். தெரு காலுக்கு எட்டவில்லை. அந்தரத்தில் இரண்டு கால்களையும் ஆட்டிக்கொண்டே டீயை ஆற அமரக் குடித்தாள்.