சின்ன மாப்பிள்ளையின் ஆப்

“நேத்து வரைக்கும் அவன் ஆப்ல பட்டன் சிவப்பா இருந்துச்சும்மா. இன்னைக்குக் காலையில பார்த்தா நீலம். எனக்கு அதைவிட நல்ல நீலமா வேணும்.”

ஆப் செய்து தரும் கம்பெனியின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து இப்படிச் சொன்னவர் ஒரு லாண்டரிக்காரர். ‘அவன்’ என்று அவர் பல்லைக் கடித்தது தன் சகலையை. மனைவியின் தங்கை புருஷன், வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். அவன் ஆப் விட்ட நாளிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

எதிரே இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். “மூணு வழி இருக்கு சார். ரெடிமேடா கிடைக்கிற துண்டுகளை ஒட்டி நீங்களே ஒண்ணு பண்ணிக்கலாம். கம்ப்யூட்டர் படிச்சிருக்கணும்னு இல்ல, செலவும் கம்மி. இல்லைன்னா தனியா வேலை செய்யற ஒருத்தர்கிட்ட கொடுக்கலாம். மூணாவது, நாங்க அடியில இருந்து எழுதித் தர்றது. அதுக்கு மாசக்கணக்காகும், பணமும் நிறைய ஆகும்.”

“அதுல எது ஒசத்தி?”

“உங்களுக்கு முதல் வழியே போதும் சார். உங்க வாடிக்கையாளர்கள் யாராவது ஆப் வேணும்னு கேக்கறாங்களா?”

“அவங்க எங்க கேக்கறாங்க? என் மாமனார்தான் கேக்கறார்.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். லாண்டரிக்காரருக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. போன மாதம் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் மாமனார், “இவர் சின்ன மாப்பிள்ளை, ஆப் வெச்சிருக்கார்” என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். அடுத்து இவர் பக்கம் திரும்பி, “இவர் பெரியவர்” என்றதோடு நிறுத்திக்கொண்டார். துணியைச் சாயம் போகாமல் வெளுத்துக் கொடுத்த இத்தனை வருஷத்துக்கும் அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம்.

“மூணாவது வழியே இருக்கட்டும். நாளைக்கு மனையை எழுதிக் கொடுத்துட்டு அட்வான்ஸோட வர்றேன்.”

“மனையை விக்கறீங்களா? வீட்ல சம்மதமா சார்?”

“அதுல வீடு கட்டறதா சொன்னீங்களேன்னு நேத்து முழுக்க மூக்கைச் சிந்தினா. ஆப் வந்தா அவளுக்கும்தானே பெருமை.”

சாயங்காலம் லாண்டரிக்காரர் நேராகச் சகலை வீட்டுக்குப் போனார். விஷயத்தைச் சொல்லி, அந்த முகம் சுருங்குவதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும். வாசலில் காலி கேன்கள் அடுக்கியிருந்தன. எப்போதும் நிற்கும் வண்டியைக் காணோம்.

“வாங்கண்ணே, உட்காருங்க.” மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுத்து, சகலை நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“வண்டி எங்க தம்பி?”

“வித்துட்டேண்ணே.”

லாண்டரிக்காரருக்கு உள்ளே பால் வார்த்த மாதிரி இருந்தது. முகத்தை மட்டும் துக்கமாக வைத்துக்கொண்டார். “அடடா, தொழில் படுத்துடுச்சா?”

“ஆப்புக்காகத்தாண்ணே வித்தேன். இப்ப இருக்கறது நானே துண்டு துண்டா ஒட்டினது. பெரிய கம்பெனிகிட்ட அடியில இருந்து புதுசா எழுதித் தரச் சொல்லி, காலையில அட்வான்ஸ் கொடுத்துட்டேன்.”

வார்த்த பால் அங்கேயே திரிந்துபோனது. மனையையே விற்கத் துணிந்து போட்டிக்கு வந்தால், இவன் அதற்குள் ஒரு படி மேலே ஏறி நிற்கிறான்.

“அவ்வளவு ஆர்டர் வருதா?”

சகலை குரலைத் தாழ்த்தினான். “உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? ஒரு ஆர்டர்கூட ஆப்ல வர்றதில்லை. எல்லாரும் பழையபடி போன்லதான் கூப்பிடறாங்க. மாமா ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சதால சும்மா இருந்தேன், இல்லைன்னா எப்பவோ மூடியிருப்பேன்.”

“அப்புறம் எதுக்குய்யா வண்டியை வித்தே?”

“ஒரே ஒரு மனுஷனுக்காகண்ணே. யாருன்னு தெரியாது. பேரைப் பதியல, ஒரு கேன்கூட வாங்கல. ஆனா காலையில கண் முழிச்சதும் என் ஆப்புக்குள்ள வந்துடறார். மத்தியானம் வர்றார், படுக்கறதுக்கு முன்னாடியும் வர்றார். ஒரு எழுத்தை நகர்த்தி வெச்சாக்கூட வந்து பார்த்துட்டுத்தான் போறார். பிடிச்சுப்போய்தானே இப்படிச் சுத்தி வர்றார்? ஒழுங்கா செஞ்சு கொடுத்தா அவர் வாங்குவார், அவரை மாதிரி ஊர்ல நிறையப் பேர் இருப்பாங்க. அந்த நம்பிக்கையிலதான் துணிஞ்சுட்டேன்.”

லாண்டரிக்காரருக்குக் காதில் புகை வந்தது. இத்தனை வருஷ லாண்டரியில் தன்மேல் இப்படி உயிரை விடும் வாடிக்கையாளன் ஒருத்தன் வாய்த்ததில்லையே. அந்த ஆள் எங்கிருந்துதான் கிடைத்தானோ இவனுக்கு.

“நம்ப மாட்டீங்க போலிருக்கே. யாராவது ஆப்பைத் திறந்து வெச்சிருந்தா எனக்கு இதுல ஒரு பச்சைப் புள்ளி தெரியும்.” சகலை மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினான். “பாருங்க, இப்பக்கூட உள்ளதான் இருக்கார்.”

வெறுமையான திரையில் ஒரே ஒரு புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

லாண்டரிக்காரர் அதையே பார்த்தார். பிறகு, மடியில் கவிழ்த்து வைத்திருந்த தன் போனை மெல்ல நிமிர்த்தி, அதில் திறந்திருந்த சகலையின் ஆப்பை விரலால் தள்ளி மூடினார்.

புள்ளி அணைந்தது.

“போயிட்டாரே” என்றான் சகலை, முகம் வாடி. “பரவாயில்லைண்ணே, காலையில பல் தேய்க்கறதுக்கு முன்னாடி வந்துடுவார்.”