ஜன்னலோர வெயில்

"பூனையைக் கூட்டிட்டு வர பெர்மிட் வந்துச்சாம்மா?" மகள் போனில் கேட்டாள்.

"எங்கடி வந்துச்சு? உங்க நாட்டு ஆபீசுல கிடப்புல போட்டுட்டாங்க."

"அப்ப நீ மட்டும் வந்துடேன். தனியா அந்த வீட்டுல என்னதான் இருக்கு?"

"என்ன இருக்கா? ஜன்னலோரமா வெயில் காயுது, கேளு."

போனில் பூனையின் உர்ரென்ற மெல்லிய சத்தம். கண்ணை மூடிய மகளின் மடியில் பூனையும் அந்த வீட்டு வெயிலும் சேர்ந்து சுருண்டுகொண்டன.

"அவசரமில்லம்மா. வரும்போது வரட்டும்."

மகள் போனை வைத்தாள். பெர்மிட் கைக்குக் கிடைத்ததென்று போன மாதமே அம்மா கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை அவள் ஆபீஸ் மேசையில் கிடந்தது.

தான் அந்த பெர்மிட் ஆபீசுக்கே மாற்றலாகி வந்ததை இன்று அம்மாவிடம் சொல்லலாம் என்றிருந்தவள், அட்டையை இழுப்பறைக்குள் வைத்து, தூங்கும் பூனை விழித்துவிடக் கூடாதென்பதுபோல் மெல்ல மூடினாள்.