மெத்தைக் கடையில் ஒன்றிலிருந்து இரண்டு வரை

ஆலோசகர் அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் மெத்தைக் கடைக்காரரின் மனைவி பில் புத்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டாள்.

இன்னும் ஆறு மாதம் இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். அதனால்தான் கணவனும் மனைவியும் கலந்து பேசி இந்த ஆலோசகரை அமர்த்தினார்கள். சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி என்று பேர். பத்து நாளாகத் தலையணை அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் குறிப்பெடுத்தார்.

கோளாறு எங்கே என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

வாங்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் படுத்துப் பார்ப்பார்கள். உடனே கடைக்காரர் தலைமாட்டில் போய் நின்றுகொள்வார்.

பஞ்சு எத்தனை அடுக்கு, ஸ்பிரிங் எத்தனை சுற்று, முதுகெலும்புக்கு என்ன நன்மை என்று ஆரம்பித்தால் லேசில் ஓய மாட்டார். தலைக்கு மேல் ஒரு மனிதர் நின்று பிரசங்கம் செய்தால் யாருக்குத்தான் படுத்திருக்க மனம் வரும்? யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போய்விடுவார்கள்.

ஆலோசகர் கடைசிப் பக்கத்தைப் படித்தார்.

மெத்தைகள் விற்பது பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை மட்டுமே. அது கடைக்காரர் சாப்பிடப் போகும் நேரம். மற்ற நேரத்தில் தலையணை உறைகூட நகர்வதில்லை. ஆகவே அவர் இனிமேல் கடைக்குள் இருக்க வேண்டாம். கிடங்கையும் டெலிவரி வண்டியையும் பார்த்துக்கொள்ளட்டும்.

மனைவிக்குப் பக்கத்தில் நின்ற கணவரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் கால் கடுக்க நின்ற மனிதர். பாவமாக இருந்தது. பில் புத்தகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாளையிலிருந்து நான் உள்ளயே வர வேண்டாமா?"

குரலில் ஏதோ வித்தியாசம். நிமிர்ந்து பார்த்தாள். மழைக்குப் பள்ளிக்கூடம் விட்டதுபோல முகமெல்லாம் பல்லாக நின்றார் மனிதர். நாளைக்கு என்ன, இன்றைக்கே போகிறேன் என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டார். வாசல் தாண்டியதும் சீட்டியடிக்கிற சத்தம் கேட்டது.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் ஆலோசகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான்.

பதினைந்து நாளைக்கு முன்னால், கணவருக்குத் தெரியாமல் ஆலோசகருக்குப் போன் செய்து கெஞ்சியவள் அவள்தான். குறை அவரிடம்தான் இருக்கிறது, நான் சொன்னால் அவர் மனசு உடைந்துபோகும், நீங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடுங்கள் என்று.

ஆலோசகர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அக்கா, உங்களுக்கு முந்தின நாளே சார் எனக்குப் போன் பண்ணிட்டார். நாள் முழுக்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கணும்னு அவ ஆசைப்பட்டு ஆரம்பிச்ச கடை, எனக்கு வியாபாரமே பிடிக்கலைன்னு எந்த வாயால சொல்வேன்னார். அது உங்களுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் விடாம பேசிக்கிட்டே இருக்காராம்."