தம்பி போட்ட தடை

“அந்த டெஸ்டுக்கு மட்டும் நீ போகக் கூடாது, சொல்லிட்டேன்!”

அடுகோடி ஏரியாவில், அண்ணன் உத்தமனின் லேத் பட்டறை வாசலில் நின்று கத்தினான் சுந்தரமூர்த்தி. வேலையாட்கள் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

உத்தமனுக்கு ரத்தம் கொதித்தது. அப்பா போன பிறகு பட்டறைக்குக் குறுக்கே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டதிலிருந்து, தம்பி அவரை அண்ணா என்று கூப்பிட்டதே இல்லை. இவரும் சளைத்தவரல்ல. தம்பி பச்சை பெயிண்ட் அடித்தால் இவர் சிவப்பு அடிப்பார். தம்பி வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காக ஓட்டை வேன் ஒன்றை வாங்கி, இன்றுவரை தள்ளிக்கொண்டிருக்கிறார்.

“என் உடம்பு, என் டெஸ்டு. உனக்கு யார்டா சொன்னது?”

“அண்ணிதான் என் பொண்டாட்டிகிட்ட பொலம்பினாங்களாம். அப்பா குடல் புத்துல போனாரு, உனக்கும் அம்பது தாண்டிருச்சு, கொலோனோஸ்கோபி பண்ணிக்கன்னு டாக்டர் சொல்லி ஒரு வருஷமா டபாய்க்கிறியாமே. அப்படியே இரு. பின்னாடி குழாய் விடுவாங்க. உனக்கேது அந்த தைரியம்?”

பேண்டை இழுத்து விட்டுக்கொண்டு போனான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தான். ஒரு மாதமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் லேத் சத்தமும் இல்லை. ஆர்டரெல்லாம் போச்சு, சோத்துக்கே லாட்டரி போல என்று உத்தமனுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மறுநாளே ஆஸ்பத்திரியில் தேதி வாங்கினார். கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோயிருந்த மனைவி சொர்ணம் வாயைப் பிளந்தாள். பட்டினி கிடந்து, பேதி மருந்தைக் குடித்து, கக்கூசே கதி என்று கிடந்தார். ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் தம்பியைத் திட்டிக்கொண்டே போனார்.

மயக்கம் தெளிந்ததும் டாக்டர் பார்கவி சொன்னார்: “பெருங்குடல்ல ரெண்டு சதை வளர்ந்திருந்தது சார். பாக்கும்போதே வெட்டி எடுத்துட்டோம். வலி, ரத்தம் எதுவும் வர்றதுக்கு முன்னாடியே வந்தீங்க, நல்லதாப் போச்சு. விட்டிருந்தா பின்னாடி புத்துநோயா மாறியிருக்கலாம்.”

உத்தமனுக்கு முதலில் வியர்த்தது. அப்புறம் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவன், தெரிந்தே அண்ணனைச் சாகச் சொல்லியிருக்கிறான்!

அடுத்த நாள் காலை, அதே ஓட்டை வேனில், மேம்பாலத்துக்காகத் தோண்டிப் போட்டிருந்த ஓசூர் ரோட்டில் ஏறி இறங்கி, பொம்மசந்திராவில் தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி மனைவி முத்தம்மா தடுக்கத் தடுக்க உள்ளே நுழைந்தார்.

“டேய்! என்னைச் சாகடிக்கத்தானே போகாதேன்னு சொன்னே? எடுத்தாச்சுடா எல்லாத்தையும். நூறு வயசு இருப்பேன் நான்!”

கட்டிலில் சுந்தரமூர்த்தி கிடந்தான். ஆள் பாதியாகியிருந்தான். போர்வை விலகியபோது வயிற்றில் ஒட்டியிருந்த பை தெரிந்தது.

“குடல் புத்து மாமா, ஆபரேஷன் ஆயிருக்கு,” என்றாள் முத்தம்மா. “முத்தின பிறகுதான் தெரிஞ்சுது. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டார்.”

தம்பி சிரிக்கப் பார்த்தான்.

“போன்னு சொல்லியிருந்தா நீ போயிருப்பியா, அண்ணா?”