பாதிப் பெயர்

“தோட்டாவுக்கு எதுக்குப்பா ரெண்டு நம்பர்?” என்று மகள் செலின் ஒருமுறை கேட்டாள். முதல் எண் குண்டின் பருமன், அடுத்தது உறையின் நீளம் என்றார் ஆயுதக் கிடங்கைக் கவனிக்கும் எபனேசர். பிறகு ஷெல் விழுந்த நாளில் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் சிப்பாய் தாசையா. அவள் பிழைக்கவில்லை, அதில் அடிபட்டு அவன் கால் நொண்டியானது. இன்று அவன் படையைவிட்டு ஓடிவிட்டான். அவனைச் சுடக் கிளம்பியவர்கள் நீட்டிய சீட்டில் 7.62 என்று முதல் எண் மட்டும் இருந்தது.

“சீக்கிரம் எடு பெருசு, நொண்டி எம்புட்டு தூரம் போயிருப்பான்?” என்று வாசலில் சிரித்தார்கள்.

அவர்களுடைய துப்பாக்கிக்கு உறை முப்பத்தொன்பது மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும்; நீளம் கூடினால் தோட்டா உள்ளே நுழையாது. உள்ளே தனியாக நின்ற எபனேசர், அதே பருமனில் ஐம்பத்தொன்று நீளமுள்ள பெட்டியை இறக்கினார். திரும்பி வந்து மாற்ற அவர்களுக்கு ஒரு பகல் ஆகும்; அதற்குமேல் தாசையாவுக்கு அவகாசம் கிடைக்காது. “கர்த்தரே” என்று முனகியபடி மூடியிலிருந்த இரண்டாம் எண்ணை நகத்தால் சுரண்டி எடுத்தார்.